மைனஸ் மூன்று சோப்பு

அன்பு மருமகளுக்கு,

சி மொழியிலேயே வேலை நடக்கிறதே, கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று இந்தச் சுற்றுவழி எதற்கு என்று கேட்டிருந்தாய். நாற்பது வரியில் முடிகிற நிரலுக்கு அது தேவையே இல்லை, உங்கள் பாடப்புத்தகம் என்ன சொன்னாலும் சரி. நிரல் பெரிதானால் கதை வேறு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மளிகைக் கடைக்கு ஸ்டாக் நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, சோப்பு மைனஸ் மூணுன்னு காட்டுது. இல்லாத சோப்பை எப்படிப்பா வித்தேன்?" இருப்பு என்பது நிரல் முழுவதற்கும் பொதுவான வேரியபிள். விற்பனை, கொள்முதல், எலி கடித்ததைக் கழிப்பது என்று பல ஃபங்ஷன்கள் அதில் கைவைத்தன. கழிக்கும் இடங்களில் எல்லாம், கையில் அவ்வளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கழிக்க எழுதியிருந்தேன். எலிக் கணக்கில் மட்டும் மறந்துபோனேன். அதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி போயிற்று.

பிறகு 'சரக்கு' என்று ஒரு கிளாஸ் எழுதி, இருப்பை அதற்குள் பிரைவேட்டாக வைத்தேன். வெளியே தெரிவது சேர், எடு என்ற இரண்டு மெத்தட்தான். இருப்பதற்கு மேல் கேட்டால் 'எடு' மறுத்துவிடும். அந்தச் சோதனை இப்போது ஒரே இடத்தில், மறக்க வழியில்லை.

இன்னொரு லாபம் பில்லில். அரிசிக்கு எடை, சோப்புக்கு எண்ணிக்கை, எண்ணெய்க்கு லிட்டர் என்று நீளமான இஃப்-எல்ஸ் ஏணி இருந்தது. இப்போது 'சரக்கு' கிளாஸின் வாரிசாக (இதுதான் இன்ஹெரிட்டன்ஸ்) ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிளாஸ்; ஒவ்வொரு சரக்கும் தன் விலையைத் தானே சொல்கிறது. முழம் போட்டு விற்கும் பூ வந்தபோது ஒரு கிளாஸ் கூடியது. பில் போடும் பகுதியைத் தொடவே இல்லை.

இது நேற்று வந்த மோகம் என்று நினைக்காதே. ஆஸ்லோவில் டாலும் நைகார்டும், நிஜ உலக இயக்கங்களைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காக உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே கிளாஸும் ஆப்ஜெக்டும் வந்துவிட்டன. கேம்பிரிட்ஜில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஸ்ட்ரூஸ்ட்ரூப்தான், 1979-இல் பெல் லேப்ஸில், நீ விரும்பும் அதே சி மொழிக்குக் கிளாஸைச் சேர்க்கத் தொடங்கினார்.

இன்ஹெரிட்டன்ஸை மட்டும் அளவோடு வைத்துக்கொள். ஐந்து தலைமுறைக்குப் பரம்பரை கட்டி, தாத்தா கிளாஸில் ஒரு வரி மாற்றப்போய், பேரன்கள் அத்தனையும் படுத்துக்கொண்டதைப் பார்த்தவன் நான்.

நீ அனுப்பிய ஹாஸ்டல் மெஸ் கணக்கு நிரலில் 'பாக்கி' எத்தனை இடத்தில் மாறுகிறது என்று எண்ணி எழுது. நான் எண்ணியதில் ஏழு.

அன்புடன்,
மாமா