கடை வண்டிக்கு மீட்டரா, எஞ்சின் வேலையா?



கீழமாசி வீதியில் சரக்கெடுத்து, காளவாசலுக்கும் அதற்கு மேற்கே தேனி சாலையிலுள்ள ஊர்களுக்கும் கொண்டு செல்லும் சிறு கடைக்காரருக்கு இரு சக்கர வண்டிதான் வலது கை. அந்த வண்டி ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது முக்குகிறது. "போரைப் பெரிசாக்கிப் புது பிஸ்டன் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும் அண்ணாச்சி" என்கிறார் பட்டறைக்காரர். "சைலன்சரையும் மாத்திடலாம்ப்பா, ரெண்டு மீட்டர் வச்சா பார்க்க நல்லாயிருக்கும்" என்கிறான் மகன். கல்லாவிலிருந்து பணம் எடுக்குமுன் அறிய வேண்டியவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

காளவாசல் என்றாலே சூளை என்றுதான் பொருள். சூட்டின் அளவு தெரியாமல் சூளை வைப்பவர் யாருமில்லை. எஞ்சினும் ஒரு சூளைதான். எனவே முதலில் அளவு, பிறகு வேலை.

மீட்டர் எதற்கு?

தராசு இல்லாமல் நாம் கடை நடத்துவதில்லை. வண்டிக்குத் தனியாக வாங்கிப் பொருத்தும் மீட்டரும் ஒரு தராசே. ஆனால் எல்லா மீட்டரும் நமக்குத் தேவையில்லை.

முதலாவது வோல்ட் மீட்டர். விலை குறைவு, பயன் அதிகம். 12 வோல்ட் பேட்டரி உள்ள வண்டியில், எஞ்சின் நிற்கும்போது முள் 12.4-க்கும் 12.7-க்கும் இடையே காட்டினால் பேட்டரி நலம். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 13-க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்று அறியலாம். அதிகாலைச் சந்தைக்குப் புறப்படும்போது வண்டி நின்றுபோவதை இது முன்கூட்டியே சொல்லிவிடும்.

இரண்டாவது ஆயில் சூட்டு மீட்டர். காற்றால் குளிரும் எஞ்சினில், சுமையோடு ஓடும்போது ஆயில் 80 முதல் 110 டிகிரி வரை இருப்பது இயல்பு. 130-ஐத் தாண்டி நீடித்தால் ஆயில் நீர்த்து, பிஸ்டனும் சிலிண்டரும் தேயத் தொடங்கும்.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். வோல்ட் மீட்டரைச் சாவிக்குப் பின்வரும் லைனிலிருந்து, ஒரு சிறு ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். பழைய புல்லட்டில் இருப்பது போன்ற ஆம்பியர் மீட்டரில் மின்சாரம் முழுவதும் அதன் வழியே பாய்கிறது. அதில் ஒரு முடிச்சு தளர்ந்தாலும் ஒயர் கருகும். தெரியாதவர் கையில் விடக்கூடாது. புது வண்டியின் ஒயரை வெட்டினால் கம்பெனி உத்தரவாதமும் போய்விடலாம்.

இழுவை ஏன் குறைகிறது?

இழுவை குறைந்தால் எஞ்சினைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி வேறு. ஏர் ஃபில்டரில் அடைத்த மாவுத்தூசி, காற்று குறைந்த டயர், எண்ணெய் காணாத செயின், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், வழுக்கும் கிளட்ச் ஆகிய ஐந்தையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் பிளக் ஓட்டையில் கம்ப்ரஷன் மீட்டர் வைத்து அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதே இல்லை. குறைந்திருந்தால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போடுவது பழுது பார்த்தல். அது செலவல்ல, முதலீடு. நல்ல சிலிண்டரை வேகத்துக்காகக் கடைவது வேறு கதை.

அதன் கணக்கைப் பாருங்கள். பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் கடைந்தால் 356 சி.சி. நூற்றுக்கு மூன்று கூட லாபம் இல்லை. ஆனால் சிலிண்டர் சுவர் மெலிந்தது, சூடு கூடியது, அடுத்த முறை கடைய இடமும் குறைந்தது. இந்த விகிதத்தில் நாம் எந்தச் சரக்கையாவது வாங்குவோமா?

இன்னொன்று. எஞ்சின் வலுவானால் பிரேக் வலுவாகிவிடாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி அதே சுமையோடு 45-இல் போனால், நிறுத்த வேண்டிய விசையாற்றல் ஒன்றரை மடங்கல்ல, இரண்டே கால் மடங்கு. அரிசி மூட்டையோடு போகும் நம் கடைப் பையனின் உயிர் அந்தப் பழைய பிரேக்கில்தான் இருக்கிறது.

டீசல் புல்லட் தந்த பாடம்

1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டில், ஒரு காலத்தில் வட மாநிலங்களில் பலர் சிறு டீசல் எஞ்சினைத் தாங்களே மாற்றிப் பொருத்தினர். டீசல் செலவு குறைவு என்பதே காரணம். பின்னர் கம்பெனியே டாரஸ் என்ற டீசல் வண்டியை விற்றது. 325 சி.சி., 6.5 குதிரைத்திறன் மட்டுமே. வேகம் குறைவு, அதிர்வு அதிகம்; ஆனாலும் எரிபொருள் சிக்கனத்துக்காகவே வாங்கினார்கள். பட்டறையில் மாற்றியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: டாரஸின் பதிவுச் சான்றில் டீசல் என்றே இருந்தது. வண்டியும் சான்றும் ஒன்றையே சொன்னால் யாருக்கும் அஞ்ச வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சினையே மாற்ற வேண்டி வந்தாலும் பதிவு அலுவலரின் அனுமதி வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இங்கே தண்டனை வண்டியின் உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள். மகன் ஆசைப்பட்டு மாற்றினாலும் வண்டி நம் பெயரில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நாம். சத்தம் போடும் சைலன்சர் 190-ஆம் பிரிவில் சிக்கும். அதில் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் உரிமத் தடையும் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

நாம் செய்ய வேண்டியது

கடையில் பற்று வரவு எழுதுவதுபோல் வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு மாதம், போட்ட பெட்ரோல், ஓடிய கிலோமீட்டர், ஏற்றிய சுமை மூன்றையும் எழுதுங்கள். மேலே சொன்ன ஐந்தையும் சரிசெய்தபின் அடுத்த மாதமும் எழுதி ஒப்பிடுங்கள். அதன்பிறகும் இழுவை போதவில்லை என்றால், அந்த வண்டி நம் சுமைக்குச் சிறியது என்று பொருள். அதைக் கடைந்து பெரிதாக்குவதைவிட, விற்றுவிட்டுச் சுமைக்கேற்ற வண்டி வாங்குவதே வணிகர்க்கு அழகு.

மகனிடம் கோபிக்க வேண்டாம். ஆசைப்பட்ட மீட்டரை வாங்கிக் கொடுங்கள். அதில் தெரியும் அளவை நோட்டில் எழுதும் பொறுப்பையும் அவனிடமே கொடுங்கள். வண்டியோடு சேர்ந்து வியாபாரமும் பழகிக்கொள்வான்.