கொல்லிமலை நாடுகளும் கிராம சபையும்

மக்கள் கூடிப் பேசும் இடத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் மன்றம், அவை, அம்பலம், பொதியில் எனப் பலவாம். அவற்றுள் பொதியில் என்பது பொதுவாகிய இல் என விரியும். ஆயின், பெயரளவிற் பொதுவாயிருத்தல் ஒன்று. யாவரும் வந்து புகத்தக்கதாயிருத்தல் மற்றொன்று.

உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் கேள்வியுறாத தமிழ் மாணவர் இரார். பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற அவை, 30 குடும்புகளினின்றும் வாரியப் பெருமக்களைக் குடவோலையால் தேர்ந்த முறையைக் கூறுவன. இளையோரும் முதியோரும் கூடியிருக்க, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு ஓலையெடுப்பித்து, அதனை ஐவிரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, யாவரும் கேட்கப் படித்தனர். மறைவுக்கு இடமில்லை. எனினும் நிலமும் மறைப்பயிற்சியும் உடையார் பெயரே ஓலையில் ஏறும். அந்நிலத்தை உழுத கூலியாளின் பெயர் ஏறாது. இதனைச் சொல்லாது அக்கல்வெட்டைப் புகழ்தல் அரைப்புகழே.

நிற்க. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தின்கண் உள்ளது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு முதலாய 14 நாடுகளே 14 ஊராட்சிகளாயின. பழம்பெயர் புதுச்சட்டத்துள் இங்ஙனம் உயிரோடிருத்தல் மகிழ்ச்சி தருவது. ஆனால் நாடு என்பது ஓரூர் அன்று. மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பலவற்றின் தொகுதி.

1993 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73 ஆவது திருத்தமும், 1994 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உரிமை தந்தன. வாக்காளர் பட்டியலிற் பெயருள்ளார் யாவரும் அதன் உறுப்பினர். நிலமும் வேண்டா, கல்வியும் வேண்டா. ஊராட்சியின் வரவுசெலவு அங்கே வெளிப்படல் வேண்டும். ஆண்டுக்கு நான்காயிருந்த கூட்டங்கள் 2022 இல் ஆறாயின.

கூட்டம் செல்லுபடியாதற்குரிய குறைந்த எண்ணிக்கையும் விதிக்கப்பட்டுளது. மக்கட்டொகை 501 முதல் 3,000 வரையாயின் 100 பேர். அதற்குமேல் 10,000 வரையாயின் 200 பேர். சமவெளிக்கு இது தக்க அளவே. மலையிலோ, சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றிரண்டினின்றே அந்நூற்றுவரும் வந்து அமர்ந்துவிடல் கூடும். எண்ணிக்கை நிறைந்தது, தீர்மானம் ஏறிற்று. ஓடை கடந்து வரவேண்டிய ஊரினர் வாராமையை அவ்வெண்ணிக்கை காட்டாது. இடத்தை மாற்றி மாற்றிக் கூட்டினும், ஒரு முறைக்கு ஓரூரே அண்மையாகும்; ஏனைய யாவும் சேய்மையே. தண்டோரா அறைந்து அறிவித்தலை 2022 இல் அரசு விலக்கியது. அறைவோர்க்கிருந்த இழிவு நீங்கியது நன்று. ஆயின் அதற்கு ஈடாக வந்த ஒலிபெருக்கி வண்டி, வழியுள்ள மட்டுமே செல்லும்.

இக்குறையை அறிந்தே போலும், 1996 இல் பாராளுமன்றம் பழங்குடிப் பகுதிகட்கென ஒரு தனிச்சட்டம் இயற்றிற்று. ஒரு சிற்றூரோ சில சிற்றூர்களோ தம் வழக்கப்படி வாழுமாயின், அதுவே கிராமம். அதற்கெனத் தனிச்சபை உண்டு என்றது அது. ஆனால் அச்சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையிற் சேர்ந்த பகுதிகட்கே உரியது. தமிழ்நாட்டில் அத்தகு பகுதி ஒன்றேனும் அறிவிக்கப்படவில்லை. ஆதலின் கொல்லிமலைக்கு அது எட்டாக் கனியாயிற்று.

சிறு சபையால் ஆவதென்னை எனின், ஒடிசாவின் நியமகிரியைக் காண்க. அம்மலையிற் பாக்சைட் அகழ்வதா என்னும் வினாவினை, 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மலைவாணரின் சபைகட்கே விடுத்தது. நீதித்துறை அலுவலர் முன்னிலையில் 12 சிற்றூர்கள் தனித்தனியே கூடின, பன்னிரண்டும் மறுத்தன. கொல்லிமலையினின்றும் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் சென்ற காலம் ஒன்றுண்டு என்பதை ஈண்டு நினைக.

நியமகிரி மக்கட்குத் துணைநின்ற 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கொல்லிமலைக்கும் உரித்து. அதன் விதிகளை 2012 இல் திருத்தியபோது, சபையினருட் பாதிப்பேர் வருதல் வேண்டும், வந்தாருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிராதல் வேண்டும் என வகுத்தனர். அங்கே நூறு என்னும் எளிய எண் செல்லாது. சேய்மையூர்ப் பெண்ணைத் தேடிச் சென்று அழைத்தாலன்றிச் சபை கூடாது. காட்டுரிமைக்கு இங்ஙனம் எண்ணுதல் இயலுமெனின், குடிநீர்க்கும் சாலைக்கும் கூடும் சபையில் மட்டும் ஏன் இயலாது?