பல்கலைக் கழகமும் இரசாயனத் தொழிலும்: திருப்பதி வட்டாரம் ஓர் ஆய்வு

ஒரு வட்டாரத்தில் தொழிற்சாலையும் பல்கலைக் கழகமும் அருகருகே அமைந்துவிட்டால் மட்டும் அவற்றினிடையே உறவு ஏற்பட்டுவிடுவதில்லை. அவ்வுறவு எவ்வாறு வளர்கிறது, அதனால் மக்களுக்கு விளையும் நன்மை யாது என்பதை ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதிப் பகுதியைக் கொண்டு காண்போம்.

சிறிய மாநிலத்தின் அனுபவம்

அமெரிக்காவிலுள்ள டெலவேர், பரப்பளவில் அந்நாட்டின் இரண்டாவது மிகச் சிறிய மாநிலமாகும். 1802-இல் அங்கு வெடிமருந்து ஆலையாகத் தொடங்கிய டூபாண்ட் நிறுவனம், பின்னர் இரசாயனத் துறையில் உலகப் புகழ் பெற்றது. நைலான் இழை 1935-இல் அதன் ஆய்வுக்கூடத்தில்தான் உருவாயிற்று. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் கோல்பர்ன் என்னும் பொறியியலாளர் 1938-இல் டெலவேர் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, இரசாயனப் பொறியியல் துறையை வளர்த்தார். ஆலையின் அனுபவம் இவ்வாறு வகுப்பறையை அடைந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய முன்னோடி உண்டு. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொண்டு உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953 முதல் காரைக்குடியில் இயங்கி வருகிறது.

திருப்பதியின் வளங்கள்

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக் கழகம் 1954-இல் நிறுவப்பட்டது. நகரை அடுத்த கரகம்பாடியில் வேரூன்றிய அமர ராஜா பாட்டரி நிறுவனம் 1985-இல் தோன்றியது. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் இங்குத் தொடங்கப்பட்டன. 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டம் உருவானபோது, இவை யாவும் அம்மாவட்டத்தில் அமைந்தன.

பாட்டரித் தொழில் அடிப்படையில் ஓர் இரசாயனத் தொழிலே. ஈயத் தகடும், ஈய டையாக்சைடு பூசிய தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்திருக்கும். ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட் மின்னழுத்தம் தரும். ஆறு அறைகளைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும். மின்சாரம் வெளிப்படும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. மீண்டும் மின்னேற்றம் செய்தால் அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. முழுவதும் திரும்பாமல் சல்பேட் இறுகிவிட்டால் பாட்டரியின் ஆயுள் குறையும். கடும் வெப்பத்தில் தகட்டின் அரிப்பும் விரைவுபடும். இவற்றைத் தடுப்பது எவ்வாறு என்பது எந்த ஆய்வு மாணவனுக்கும் தக்க பொருளாகும்.

ஈயமும் மக்கள் நலமும்

ஈயம் நச்சுத்தன்மை உடையது. தொழிலாளியின் உடையில் ஒட்டும் தூசு வீட்டை அடையும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். 2021 ஏப்ரலில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கரகம்பாடியிலும் சித்தூரை அடுத்த நூனெகுண்ட்லபள்ளியிலும் உள்ள பாட்டரி ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. மறுமாதமே உயர் நீதிமன்றம் அவ்வாணையை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது.

ஒருபுறம் பலரின் பிழைப்பு. மறுபுறம் சுற்றுப்புற மக்களின் உடல்நலம். இத்தகைய நிலையில் மண், நீர், இரத்தம் ஆகியவற்றிலுள்ள ஈயத்தை ஆண்டுதோறும் அளந்து வெளியிடும் நடுநிலையான ஆய்வுக்கூடம் அருகிலேயே இருத்தல் வேண்டும். பிணக்கு எழுந்த பின்னர் எடுக்கும் அளவைவிட, முன்கூட்டியே தொடர்ந்து எடுத்த அளவுகளே அனைவராலும் நம்பப்படும். இப்பணிக்குப் பல்கலைக் கழகம் மிகவும் ஏற்றது.

செய்யவேண்டுவன

2022-இல் வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளரிடமே ஒப்படைத்துள்ளன. அவ்வாண்டு செப்டம்பரில் திருப்பதியில் லித்தியம் மின்கல ஆலை ஒன்றும் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. ஆகவே புதிய ஆய்வுகளுக்கு இடம் மிகுதி.

ஆலைப் பொறியாளர்கள் கல்லூரியில் பாடம் நடத்துதல், மாணவர்கள் ஆலையின் சிக்கல்களையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல், சுற்றுப்புறச் சோதனையின் முடிவுகளைத் தெலுங்கிலும் தமிழிலும் ஊராட்சிகளுக்கு அறிவித்தல் ஆகிய மூன்றும் உடனே தொடங்கத் தக்கவை. இவற்றுக்குப் பெரும் முதலீடு தேவையில்லை.