தக்காளி சாஸுக்கு ஒரு ஷிப்ட்

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை சரிந்தால், அந்தச் செய்தி எங்கள் லைனுக்குக் காலை டீ நேரத்துக்குள் வந்துவிடும். ஓசூர் சிப்காட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் பலர் சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். இங்கே மைக்ரோமீட்டர் பிடிப்பவரின் அப்பா அங்கே தக்காளி போட்டிருப்பார். விலை விழுந்தால் பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும்கூடக் கட்டாது. பழம் செடியிலேயே கிடக்கும், மாடு தின்னும். அதே பழம் 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. மலிவாகக் கிடைக்கும் வாரத்தில் வாங்கிக் காய்ச்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரில் தானாகவே வரும்.

எண்ணம் வரலாம், நேரம் வர வேண்டுமே. எங்கள் வீட்டில் எனக்கு ஒரு ஷிப்ட், கணவருக்கு ஒரு ஷிப்ட். தக்காளியை அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டு நிற்க இருவராலுமே முடியாது. அதனால்தான் ஸ்லோ குக்கர். பக்கத்து வீட்டுக்காரர் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தபோது கொடுத்துவிட்டுப் போன மூன்றரை லிட்டர் பீங்கான் பாத்திரம், சுமார் 200 வாட். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் சாஸுக்கு முன்னால் குக்கர் கருகும்.

இதை வைத்து சாஸ் செய்பவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: தக்காளியை வெட்டிப் போட்டு, மூடி வைத்து, எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் ரசம் மாதிரி இருக்கிறது. குறை தக்காளியில் இல்லை. இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் விளங்கும். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1936-இல் விண்ணப்பித்து 1940-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவில் யூதர்கள் சப்பாத் நாளுக்காக முந்தின மாலையே பேக்கரி அடுப்பில் வைத்து இரவெல்லாம் வேகவிடும் சோலன்ட் என்ற குழம்பைப் பற்றி அவருடைய அம்மா சொன்ன கதைதான் தூண்டுதல். ரைவல் கம்பெனி அவருடைய நிறுவனத்தை வாங்கி, 1971-இல் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பயறும் இறைச்சியும் காயாமல் வேக வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆவி மூடியில் பட்டுத் திரும்ப உள்ளேயே சொட்டும்படி செய்திருக்கிறார்கள். சாஸுக்கு வேண்டியது நேர் எதிர். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். அது வெளியே போயாக வேண்டும்.

தண்ணீர் பாதிக் கதைதான். மீதிப் பாதி பெக்டின். தக்காளிச் சாற்றுக்குக் கெட்டித்தன்மை தருவது இதுதான். பழத்தை வெட்டியதும் பெக்டினை உடைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். வெதுவெதுப்பான சூட்டில் அவற்றுக்கு இன்னும் உற்சாகம். சட்டென்று 85 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் அவை செயலிழந்துபோகும். தொழிற்சாலைகளில் கெட்டியான கூழ் வேண்டுமென்றால் பழத்தை நொறுக்கிய கையோடு கொதிசூட்டுக்குக் கொண்டுபோவது இதற்காகத்தான். ஸ்லோ குக்கரோ அந்த வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் மிதக்கவிட்டு, நிதானமாகத்தான் மேலே ஏறும். அதற்குள் பெக்டின் போய்விடும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் தட்டில் ஊற்றியதும் சிவப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரியும்.

ஆகவே என் முறையில் முதல் கால் மணி நேரம் கேஸ் அடுப்புக்கு. அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தைப் பெரிய தீயில் காயவிட்டு, நாலைந்து தக்காளியை நான்காக வெட்டி உடனே போட்டுக் கரண்டியால் நசுக்குவேன். கொதி வந்த பிறகே அடுத்த நாலைந்தை வெட்டுவேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொண்டு டிவி பார்க்கக் கூடாது, வெட்டிய நொடியிலிருந்து நொதிகள் வேலை செய்கின்றன. மூன்று கிலோவும் கொதித்ததும் ஓட்டைத் தட்டில் கொட்டிப் பத்து நிமிடம் வைத்தால் மெல்லிய சாறு தானாக வடியும். அது அன்றைய ரசத்துக்கு. புளி பாதி போதும், பருப்புத் தண்ணீர் சேர்த்தால் பிரமாதமாக இருக்கும். குக்கர் ஆவியாக்க வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு இப்படியே குறைந்துவிடுகிறது.

மீதியைச் சல்லடையில் தேய்த்துத் தோலையும் விதையையும் நீக்குவேன். மிக்ஸி சுலபம்தான். ஆனால் அது காற்றை அடித்து ஏற்றி, சிவப்பை ஆரஞ்சாக்கிவிடும். விதையும் அரைபட்டால் கசப்பு தட்டும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பை மட்டும் விட்டுவிடாமல் அழுத்தித் தேயுங்கள். சதையைவிட அந்தப் பகுதியில்தான் குளூட்டமேட் அதிகம் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2007-இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். நாக்கில் நிற்கும் ருசி அதுதான்.

பழம் வாங்குவதைப் பற்றி. உழவர் சந்தையில் எனக்கு வழக்கமாகத் தக்காளி தரும் அக்கா முதலில் கெட்டியான செங்காயைத்தான் எடுத்து வைப்பார். “பத்து நாள் தாங்கும்மா” என்பார். சாஸுக்கு என்று சொன்னதும் கை வேறு கூடைக்குப் போகும். “அப்ப இத எடுத்துக்கோ. நல்லா செவந்திருக்கு, நாளைக்கு இருக்காது. வெல போட்டுத் தர்றேன்.” நாளைக்கு இருக்காத பழம்தான் சாஸுக்கு. தூர ஊருக்கு லாரி ஏறும் தக்காளியை நிறம் திரும்பும்போதே பறித்துவிடுவார்கள். வழியில் சிவந்தாலும் செடியில் பழுத்த ருசி அதற்கு வருவதில்லை. தளர்ந்ததை எடுங்கள். பூஞ்சை பிடித்ததையும் உடைந்து நுரைத்ததையும் எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

ரகமும் முக்கியம். இங்கே அதிகம் விளைவது தடித்த தோலும் சதையுமாக இருக்கும் ஹைபிரிட். பயணம் தாங்கும், கூழும் அதிகம் தரும், ஆனால் புளிப்பு மந்தம். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் மணமும் உண்டு, தண்ணீரும் உண்டு. இரண்டு பங்கு ஹைபிரிட்டுக்கு ஒரு பங்கு நாட்டுத் தக்காளி என்பது என் கணக்கு. நாட்டுத் தக்காளி மட்டும் வைத்துச் செய்தால்தான் அசல் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் காய்ச்சும் நேரத்தில் நான் தூங்கி எழுந்துவிடுவேன்.

கூழ் தயாரானதும் குக்கர். பீங்கான் பாத்திரத்தில் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சில்லென்றிருக்கும் பீங்கானில் கொதிக்கும் கூழை ஊற்றினால் விரிசல் விடும். சூட்டை ‘ஹை’யில் வைத்து, கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, எண்ணெய் தெறிக்காமலிருக்க விற்கும் கம்பி வலை மூடியைப் போடுவேன். ஆவி போகும், பூச்சி வராது.

“இவ்ளோ நேரம் கரண்ட்ல வெச்சா பில்லு என்னத்துக்கு ஆகும்?” என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.63 யூனிட் வேண்டும். 200 வாட் குக்கர் ஒரு யூனிட் இழுக்க ஐந்து மணி நேரம் ஆகும். அதில் பாதி பக்கச் சுவர் வழியாகவே அறைக்குள் போய்விடும். ஆக லிட்டருக்கு ஆறேழு மணி நேரம், ஒன்றேகால் யூனிட். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் இருக்கும் மாநிலத்தில் இது பெரிய தொகை இல்லை. அத்தைக்குத் திருப்திதான், ஆனால் “தொக்குன்னா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடவில்லை. உண்மைதான். தொக்குக்கு எண்ணெயும் பெரிய தீயும் விடாமல் கிளறும் கையும் வேண்டும். இதற்கு ஒரு ஷிப்ட் நேரம் மட்டும் போதும். இடையில் யாராவது ஓரத்தில் ஒட்டியதை ஒருமுறை வழித்துவிட்டால் நல்லது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குபவர் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும்போது செய்கிற வேலை அது.

மசாலாவைத் தூளாகப் போட்டால் நிறம் கறுக்கும். தட்டிய இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், பட்டை, நாலைந்து கிராம்பு, மிளகு, சோம்பு எல்லாவற்றையும் மெல்லிய வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கூழில் போட்டுவிடுங்கள். கடைசியில் பிழிந்து எடுத்துவிடலாம். மிளகாய்க்கு நான் கர்நாடக எல்லை தாண்டி வரும் பியாடகியைத்தான் நம்புகிறேன். காரம் குறைவு, சிவப்பு அதிகம். ஓசூர் மளிகைக் கடைகளில் தேடாமலே கிடைக்கும். விதை நீக்கிய நான்கு மிளகாயை ஊறவைத்து அரைத்து வடிகட்டிச் சேர்க்கலாம். ஒரு கிலோ கூழுக்கு 75 கிராம் சர்க்கரை, 10 கிராம் உப்பு, 25 மி.லி. வினிகர். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை ஆரம்பத்தில் போட்டு, மீதியைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் முதலிலேயே போட்டால் ஓரம் கருகும். உப்பும் வினிகரும் இறக்கும் சமயத்தில்தான். சப்பாத்தி ரோலுக்கும் பாஸ்தாவுக்கும் இனிப்பில்லாத சாஸ் வேண்டுமென்றால் சர்க்கரையையும் வினிகரையும் விட்டுவிட்டு, நசுக்கிய பூண்டையும் இரண்டு கரண்டி எண்ணெயையும் சேருங்கள். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் கொழுப்பில்தான் கரையும். எண்ணெய் இருந்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

பதம் பார்ப்பது எப்படி? குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பாருங்கள். சொட்டைச் சுற்றித் தண்ணீர் வளையம் வராவிட்டால் சரி. எனக்குத் தொழில் புத்தி, அதோடு விடவில்லை. சிஎன்சி மெஷின் ஓடும் கம்பெனிகளில் கூலண்ட் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்போம். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் கண் வைத்துப் பார்க்கும் அந்தக் குழல்தான். பழச்சாற்றின் அடர்த்தியை அளப்பதும் அதே கருவி, அதே பிரிக்ஸ் அளவு. வீட்டுக்கென்று ஒன்று தனியாக வாங்கினேன். வேலை இடத்தில் இருப்பதைக் கொண்டுவந்துவிடாதீர்கள், கூலண்ட் வயிற்றுக்கு ஆகாது. காய்ச்சாத தக்காளிச் சாறு நான்கு, ஐந்து காட்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி தக்காளி சாஸ் என்று பெயர் போட்டு விற்கக் கரைந்த திடப்பொருள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். வீட்டு சாஸ் இருபதைத் தொட்டாலே எனக்குப் போதும். மூன்று கிலோவுக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் கிடைக்கும்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் கூடாது. மாதப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்தடை என்ற அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பாதியில் நின்று, குக்கர் வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் அதைக் கொட்டிவிடுவதுதான் சரி. புதிதாக வாங்குபவர்கள் திருகும் குமிழ் வைத்ததைப் பாருங்கள், கரண்ட் திரும்பியதும் அது தானாக ஓடும். டிஜிட்டலில் பல மாடல்கள் அணைந்தபடியே இருக்கும், வேலையிலிருந்து வந்து பார்த்தால்தான் தெரியும்.

சேமிப்பைப் பொறுத்தவரை, ஊறுகாய் போல அலமாரியில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். தக்காளியின் அமிலத்தன்மை பி.எச். 4.6 என்ற எல்லையை ஒட்டி இருக்கிறது. ரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து அதைத் தாண்டவும் செய்யும். தாண்டினால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பொட்டுலிசம் நச்சு உருவாக வழி உண்டு. மேலே எண்ணெய் ஊற்றி மூடுவது பாதுகாப்பு அல்ல, காற்றை அடைத்து அந்தக் கிருமிக்கு வசதி செய்து தருவதுதான். அமெரிக்க வேளாண் துறை, வீட்டில் தக்காளியைப் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் பதப்படுத்துபவர்களுக்கு அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலமோ சேர்க்கச் சொல்கிறது. எலுமிச்சைச் சாறு பாட்டிலில் வருவதாக இருக்க வேண்டும். வீட்டில் பிழிவதன் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும்.

நான் அந்த வேலைக்கே போவதில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்பேன். மீதியை ஆறவிட்டு, இட்லித் தட்டுக் குழிகளில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைப்பேன். உறைந்ததும் கழற்றி ஜிப் பையில் போட்டுத் தேதி எழுதிவிடுவேன். ஒரு குழி என்றால் பிள்ளைகளின் ஒரு வேளை நூடுல்ஸுக்குச் சரியாக இருக்கும். தக்காளி கிலோ இருபது ரூபாய்க்கு மேல் போய்விட்டால் நான் குக்கரை எடுப்பதில்லை. பத்துக்குக் கீழே வந்தால் அன்று வேலை முடிந்து திரும்பும்போது உழவர் சந்தைப் பக்கம் போகாமல் இருப்பதில்லை.