சொந்தக் கிணறும் சுற்றுப்புறப் பொறுப்பும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் கிணற்று நீரையே முதன்மையான குடிநீராகக் கொண்டிருந்தனர். கேரளத்தில் இது 60 விழுக்காட்டுக்கும் மேல். வீட்டுக்கொரு கிணறு என்பது அம்மாநிலத்தின் வாழ்க்கை முறை. குழாய் இணைப்புப் பெற்ற பின்னரும், குடிப்பதற்குக் கிணற்று நீரையே நாடும் குடும்பங்கள் அங்கு ஏராளம்.

குழாய் நீரைச் சோதிக்கவும் குளோரின் கலக்கவும் ஒரு பொது நிறுவனம் இருக்கிறது. தனியார் கிணற்றுக்கு அத்தகைய காவலர் எவருமில்லை. அதன் சொந்தக்காரரே பொறியாளராகவும் சுகாதார ஆய்வாளராகவும் இருந்தாக வேண்டும். அவர் அப்பொறுப்பை எந்த அளவுக்கு நிறைவேற்ற இயலும், எந்த இடத்தில் சமுதாயத்தின் துணை அவருக்கு வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டமும் நிலத்தடியும்

தன் நிலத்தின் அடியில், வரையறுத்த கால்வாயில் ஓடாது நிற்கும் நீரைத் தன் எல்லைக்குள் திரட்டிப் பயன்படுத்த நில உடைமையாளருக்கு உரிமை உண்டு என்பதை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஓர் எடுத்துக்காட்டாகவே கூறுகிறது. ஆனால் நிலத்தடி நீர் வேலியை அறியாது. ஒருவர் வீட்டுக் கழிவறைக் குழியிலிருந்து கசியும் நீர் மற்றொருவர் வீட்டுக் கிணற்றுக்குள் ஊறிச் செல்வதை எந்த எல்லைக்கல்லும் தடுப்பதில்லை.

இதனைச் சிறிய கணக்கொன்றால் விளக்கலாம். மாசு உண்டாகும் இடத்திலிருந்து கிணறு குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி, தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதார நூல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. கிணற்றை நடுவில் வைத்து 15 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால் அதன் பரப்பு சுமார் 706 சதுர மீட்டர். ஏறக்குறைய பதினேழரை சென்ட். கேரளத்தில் சிறு குடும்பங்கள் பலவற்றின் மனை 5 சென்ட் அளவே. எனவே, தம் கிணற்றின் பாதுகாப்பு வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அக்குடும்பத்தார் சொந்தமாகக் கொண்டிருக்கவில்லை. எஞ்சிய பகுதி முழுவதும் அண்டை வீட்டார் கையில் உள்ளது. கிணறு மனையின் மூலையில் அமைந்திருப்பின், அவர்களுக்குரிய பங்கு இன்னும் சிறுத்துவிடும்.

பொருளாதார நூலோர் இதனைப் புறவிளைவு என்பர். ஒருவரின் செயலால் விளையும் செலவை அவர் சுமப்பதில்லை, பிறர் சுமக்கின்றனர். கழிவறைக் குழியைத் தன் வசதிக்கேற்ற இடத்தில் தோண்டுபவருக்கு அதனால் இழப்பு ஏதும் தோன்றாது. இழப்பு பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயிற்றுப்போக்காக வெளிப்படும்.

கேரளம் 2016இல் திறந்தவெளியில் மலங்கழித்தல் அற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. வீடுதோறும் கழிவறை என்பது பெரும் சாதனையே. எனினும் வீடுதோறும் குழியும் வீடுதோறும் கிணறும் சிறு மனைகளில் நெருங்கி நிற்கும்போது, ஒரு சாதனையின் பயனை மற்றொன்று குறைத்துவிடக்கூடும். செம்புரைக்கல் நிலத்தில் துளைகள் மிகுதி. மழைநீர் அதனூடே விரைந்து இறங்கும். இடவப்பாதி மழை தொடங்கியதும் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து குழியின் அடியை நெருங்குகிறது. கோடையில் இடைநின்ற வறண்ட மண் அப்போது நனைந்து, மாசு கடத்தும் வழியாக மாறிவிடுகிறது. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஆகிய நோய்களுக்கு இதனால் வழி ஏற்படுகிறது.

சொந்தக்காரரின் கடமைகள்

முதலாவது, கட்டுமானம். கிணற்றைச் சுற்றி முக்கால் மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடிச்சுவர் வேண்டும். அதன் புறத்தே ஒரு மீட்டர் அகலத்துக்குச் சிமெண்டுத் தளமும், சிந்தும் நீரை அப்பால் கொண்டு செல்லும் வடிகாலும் அமைய வேண்டும். உட்சுவரின் மேற்பகுதியை நீர் கசியாவண்ணம் பூசிவிட்டால், மேல்மண்ணில் ஊறும் அழுக்கு நீர் நேரே உள்ளே இறங்காது. வாயை வலையால் மூடுவது சருகையும் பறவைகளையும் தடுக்கும், கிருமிகளைத் தடுக்காது. வாளியும் கயிறும் தரையில் கிடத்தலாகாது. துணி துவைத்தலும் கால்நடைகளைக் குளிப்பாட்டுதலும் கிணற்றடியில் கூடாது.

இரண்டாவது, குளோரின் கலத்தல். இதற்குப் பிளீச்சிங் பவுடர் போதும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 0.785 என்னும் எண்ணாலும் பெருக்கினால் கன மீட்டர் கணக்கு கிடைக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் நீர் இருக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. ஆகவே இக்கிணற்றுக்குச் சுமார் 25 கிராம் தேவை. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும், நோய் பரவிய காலத்திலும் இந்த அளவை இரட்டிப்பாக்க வேண்டும்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டுவது தவறு. ஒரு வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். தெளிந்த நீரை வேறொரு வாளியில் வடித்து, அவ்வாளியைக் கிணற்று நீருக்கடியில் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பு வண்டலைக் கிணற்றில் சேர்த்தால் நீரின் கடினத்தன்மை மிகும். ஒரு மணி நேரம் கழிந்த பின்பே நீரைப் பயன்படுத்தலாம். இரவில் கலந்துவிட்டுக் காலையில் இறைப்பது எளிது. பவுடர் காற்றுப்பட்டால் வீரியம் இழக்கும். பழைய பொட்டலத்தை நம்பி அளவிடுதல் பயன் தராது.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் ஏராளமான கிணறுகள் சேற்று நீரில் மூழ்கின. உள்ளாட்சிகளும் சுகாதாரப் பணியாளர்களும் தொண்டர்களும் ஊர் ஊராகச் சென்று கிணறுகளைத் தூய்மை செய்து குளோரின் கலந்தனர். பேரிடரின்போது கூட்டாகச் செய்ய முடிந்த பணி இது. ஆண்டுதோறும் வரும் மழைக்கு முன்னும் பின்னும் இதனைச் செய்வதற்குத் தடை ஏதுமிருக்க இயலாது.

மூன்றாவது, காய்ச்சுதல். நீர் நன்கு கொதித்தால் கிருமிகள் அழியும். ஆயினும் கொதித்த நீரை ஆற்றுவதற்காக அதில் பச்சைக் கிணற்று நீரை ஊற்றும் வழக்கம் சில வீடுகளிலும் உணவு விடுதிகளிலும் காணப்படுகிறது. சீரகமோ பதிமுகமோ இட்டு நிறமேற்றிய நீர் காய்ச்சிய நீர் போலவே தோன்றும்; ஆனால் எரித்த விறகு முழுவதும் வீணானதேயாகும்.

சோதனையும் அதன் எல்லையும்

தெளிவும் சுவையும் தூய்மைக்குச் சான்றாகா. 100 மில்லி லிட்டர் குடிநீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூடக் காணப்படலாகாது என்பது இந்தியத் தரநிலை 10500இன் விதி. மல மாசினை அறிய எளிய குப்பிச் சோதனையொன்றைக் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1982இல் வெளியிட்டனர். குப்பியில் நிரப்பிய நீர் ஒரு நாளளவில் கறுத்தால், மாசு கலந்திருப்பதாகக் கொள்ளலாம். பள்ளிச் சிறுவரும் படித்தறியத்தக்க முடிவு இது.

கிருமி ஒன்றே இடர் என்று எண்ணுதலும் பிழை. ஃபுளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் ஆகியவை குளோரினுக்கும் கொதிநீருக்கும் அசையா. நீர் ஆவியாகிக் குறைவதால், கொதித்தபின் அவற்றின் செறிவு சற்றே கூடவும் செய்யும். ஆலப்புழையின் ஆழ்குழாய்க் கிணறுகளிலும் பாலக்காட்டின் கிழக்குப் பகுதியிலும் ஃபுளோரைடு கண்டறியப்பட்டுள்ளது. மேற்கு வங்கத்தில் கங்கைச் சமவெளிக் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பது 1983இல் வெளிப்பட்டது. திறந்த கிணற்றின் கிருமிக்கு அஞ்சி மக்கள் நாடியவையே அக்குழாய்க் கிணறுகள். ஆகவே இரசாயனச் சோதனையை ஆய்வுக்கூடத்தில் ஒரு முறையேனும் செய்துகொள்ளுதல் இன்றியமையாதது. ஃபுளோரைடோ ஆர்சனிக்கோ வரம்பு மீறியிருப்பின், அந்நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கொள்ளாது வேறு நீரை நாடுவதே முறை.

பொதுத் துறையின் பங்கு

மேலே கண்டவற்றுள் கட்டுமானம், குளோரின், காய்ச்சுதல் ஆகியன வீட்டாரால் செய்யத்தக்கவை. வட்டத்தின் எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு அவர்களால் இயலாதது. இங்குதான் ஊராட்சியின் பணி தொடங்குகிறது. புதிய கழிவறைக்கு அனுமதி தருமுன் அம்மனையின் கிணற்றை மட்டுமன்றி, வேலிக்கு அப்பாலுள்ள கிணறுகளையும் அளந்து பார்த்தல் வேண்டும். இடம் போதாத குடியிருப்புகளில், உறிஞ்சுகுழிக்கு மாறாகக் கசிவில்லாத் தொட்டியும் கழிவை அகற்றும் ஏற்பாடும் தேவை. 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ், நீரைச் சோதிக்க ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க வழி செய்யப்பட்டது. அவர்கள் பொது நீராதாரங்களோடு தனியார் கிணறுகளையும் சோதித்து, முடிவை வார்டு வாரியாக ஒரு பதிவேட்டில் குறித்து வந்தால், நோய் தோன்றியபின் காரணம் தேடும் நிலை மாறும்.

கூட்டு முயற்சி வெல்லும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. படிக்கிணறுகளில் இறங்கி நீர் மொண்டதால் பரவிய நரம்புச் சிலந்தி நோய், நீர்நிலைகளைச் சீர்திருத்தியும் நீரை வடிகட்டப் பழக்கியும் ஒழிக்கப்பட்டது. கடைசி நோயாளி 1996இல் இராஜஸ்தானில் காணப்பட்டார். 2000இல் இந்தியா அந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. அந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, நேரடி மருந்தும் இல்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஒரு கிணற்றுக்கு ஒரு முறை வேண்டுவது ஒரு கைப்பிடி பவுடரும் ஒரு மணி நேரமும்தான். இச்சிறு செலவைச் சொந்தக்காரர் ஏற்க வேண்டும். கிணற்றைச் சூழ்ந்த 15 மீட்டரை ஊர் ஏற்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினும் மற்றொன்றால் முழுப்பயன் விளையாது.