பார்த்து வளர்ந்த பிள்ளை

சொல்லிக் கொடுத்தால் குழந்தை எழுதக் கற்கும். படிக்கக் கற்கும். ஆனால் இரக்கத்தை எப்படிக் கற்கும்? புனே நகரில் வாழ்ந்த ஒரு தாய், மகன் கதையைப் படிப்போம்.

தாயின் பெயர் சாவித்திரிபாய் பூலே. 1831-இல் பிறந்தார். கணவர் பெயர் ஜோதிராவ் பூலே. மனைவிக்கு எழுத்தறிவு கொடுத்தவர் அவரே. 1848-இல் இருவரும் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். சாவித்திரிபாய் ஆசிரியை ஆனார்.

பெண்கள் படிப்பது பாவம் என்று அன்று பலர் நினைத்தார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் அவர் மீது சேற்றையும் சாணத்தையும் எறிந்தார்கள். அவர் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துப் போனார். பள்ளியில் அதைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார்.

அந்தக் காலத்தில் உயர்சாதிக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண்கள் மறுமணம் செய்ய முடியாது. அவர்களில் யாராவது கருவுற்றால் ஊரே தூற்றும். அவமானம் தாங்காமல் சிலர் உயிரை விட்டார்கள். பிறந்த குழந்தையைக் கொன்றவர்களும் உண்டு. இதைத் தடுக்க 1863-இல் பூலே தம்பதியர் ஒரு விடுதி தொடங்கினார்கள். அங்கே அந்தப் பெண்கள் பயமின்றிப் பிள்ளை பெறலாம்.

அப்படி வந்த ஒரு பெண்ணின் மகன்தான் யஷ்வந்த். பூலே தம்பதியருக்குக் குழந்தை இல்லை. அவனை 1874-இல் தத்து எடுத்தார்கள்.

யஷ்வந்த் வளர்ந்த வீடு எப்படிப்பட்டது? அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடை செய்யப்பட்டிருந்த மக்களுக்கு 1868-லேயே அது திறந்துவிடப்பட்டது. சாதி பார்க்காத பெற்றோரை யஷ்வந்த் தினமும் பார்த்தான். படித்து மருத்துவர் ஆனான்.

1890-இல் ஜோதிராவ் இறந்தார். 1897-இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. நோயாளியைத் தொடப் பலர் பயந்தார்கள். யஷ்வந்த் நகருக்கு வெளியே மருத்துவமனை நடத்தினார். சாவித்திரிபாய் நோயாளிகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். நோயுற்ற ஒரு சிறுவனை முதுகில் சுமந்து வந்தார். அவருக்கும் நோய் தொற்றியது. 1897 மார்ச் 10-ஆம் நாள் இறந்தார்.

2014-இல் புனே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

தாய் சுமந்து வந்தார். மகன் மருந்து கொடுத்தார். தாய் செய்ததைப் பார்த்தே மகன் இரக்கத்தைக் கற்றார்.

நம் வீட்டு வாசலில் ஒருவர் தண்ணீர் கேட்கிறார். நாம் குடிக்கும் குவளையில் கொடுக்கிறோமா? அவருக்கென்று தனிக் குவளை தேடுகிறோமா? பக்கத்தில் நிற்கும் நம் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

கலந்து பேசுவோம்

1. சாவித்திரிபாய் மாற்றுச் சேலை எடுத்துப் போனது ஏன்?

2. யஷ்வந்த் தன் வீட்டில் எவற்றைப் பார்த்து வளர்ந்தார்?

3. இன்று நம் பிள்ளை நம்மிடம் எதைப் பார்த்தது?