முதல் மூன்று கிலோமீட்டர்

சென்னை மாரத்தானில் 42 கிலோமீட்டர் ஓடுகிறவர்களை விடிகாலை 4 மணிக்கே அனுப்பிவிடுகிறார்கள். 10 கிலோமீட்டர்காரர்களின் முறை வரும்போது கடல் பக்கம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஜனவரி ஞாயிறு ஒன்றில் நேப்பியர் பாலத்தருகே காத்திருந்த கூட்டத்தில் வேளச்சேரியைச் சேர்ந்த கணக்கு ஆசிரியை ஒருவரும் இருந்தார். வயது 44. பள்ளிப் படிப்புக்குப் பிறகு ஓடியதே இல்லை. ஆறு மாதமாகத்தான் பயிற்சி. ஒரு கிலோமீட்டருக்கு ஏழேகால் நிமிடம் என்பது அவர் பழகிய வேகம்.

அன்று முதல் கிலோமீட்டரை 5 நிமிடம் 50 விநாடியில் ஓடினார்.

யாரும் அவரைத் துரத்தவில்லை. மேளச் சத்தம், முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான கால்கள், இரண்டு நாள் ஓய்வெடுத்த உடம்பு எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டு போயின. உழைப்பாளர் சிலையைக் கடக்கும்போது பறப்பது போலிருந்ததாம். கலங்கரை விளக்கம் வருவதற்குள் மூச்சு இரைத்தது. ஆறாவது கிலோமீட்டரிலிருந்து பெரும்பகுதி நடைதான். முடித்த நேரம் 1 மணி 19 நிமிடம். பழகிய வேகத்திலேயே ஓடியிருந்தால் 1 மணி 13 நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். வேகமாகத் தொடங்கியதற்கு அவர் கொடுத்த விலை ஆறு நிமிடத்துக்கும் மேல். கணக்கு ஆசிரியைக்கு அந்தக் கழித்தல் உறைத்தது.

சாலை ஓட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் செய்கிற தவறு இது. கடலோர ஊர்களில் இதற்குத் தண்டனையும் அதிகம். வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். ஈரப்பதம் மிகுந்த சென்னைக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் கூட்டிய வேகம் உண்டாக்கிய சூடு உள்ளேயே தங்கிவிடும். பிறகு வேகத்தைக் குறைத்தாலும் அது எளிதில் இறங்காது. முதல் மூன்று கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும் என்பது ஆசிரியை அதன்பின் வைத்துக்கொண்ட அளவுகோல். பேச்சு துண்டுபட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

தொடக்கக் கோட்டில் முண்டியடிப்பதையும் அவர் விட்டுவிட்டார். பிப் எனப்படும் எண் அட்டையின் பின்னால் ஒரு சிப் ஒட்டியிருக்கும். தரையில் விரித்த பாயை நாம் மிதிக்கும் நொடியிலிருந்துதான் நம்முடைய நிகர நேரம் ஓடத் தொடங்கும். கொடி அசைத்து நான்கு நிமிடம் கழித்துக் கோட்டைத் தாண்டினாலும் நிகர நேரத்தில் ஒன்றும் குறையாது. பரிசுக்கு ஓடுகிறவர்கள் முன்வரிசையில் நிற்கட்டும், மற்றவர்களுக்குப் பின்வரிசையே நல்லது.

ஒரு வருடத்தில் அவருடைய 10 கிலோமீட்டர் நேரம் 66 நிமிடத்துக்கு வந்தது. அடுத்து அரை மாரத்தான், அதாவது 21.0975 கிலோமீட்டர். என்ன நேரம் சாத்தியம்? பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அந்த எண்ணை 1.06 அடுக்குக்கு உயர்த்திப் பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். 66 நிமிடத்துக்கு விடை ஏறக்குறைய 2 மணி 26 நிமிடம். ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 55 விநாடி. கடற்கரைச் சாலையில் நடந்த ஓர் ஓட்டத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அதே வேகத்தில் ஓடினார், ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகவில்லை. முடிவுக் கோட்டில் 2 மணி 28 நிமிடம்!

அந்த இரண்டு நிமிடம் எங்கே போனது என்பது பாடம் சொல்லும் இடம். கடிகாரம் 21.4 கிலோமீட்டர் காட்டியது. ஏற்பாட்டாளர்கள் தூரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று பலர் சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். முறைப்படி சான்று பெற்ற பாதைகளைச் சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற கருவியால் அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரத்தை ஒட்டி, ஆகக் குறுகிய வழியில் சைக்கிள் போகும். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாமோ தண்ணீர் மேசைக்கு ஒரு பக்கம், ஆட்களை முந்த இன்னொரு பக்கம் என்று வளைந்து வளைந்து ஓடுகிறோம். கடிகாரத்தின் செயற்கைக்கோள் கணக்கிலும் சிறு பிழை உண்டு. இப்போது ஆசிரியை கடிகாரம் காட்டும் தூரத்தை நம்புவதில்லை. சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது மொத்த நேரத்தைப் பார்க்கிறார். ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது பலகைகளில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார்.

தண்ணீர் பற்றிய பயமும் அவரை ஆட்டிப்படைத்தது. ஒரு சிறிய ஓட்டத்தில் பின்னால் வந்தவர்களுக்கு இரண்டு மேசைகளில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு மேசை கண்ட இடமெல்லாம் இரண்டு கோப்பை குடித்தார். அடுத்த ஓட்டத்தில் வயிறு குலுங்கியது, தலை கனத்தது. தண்ணீர் குறைவது போலவே மிகுவதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அதிகம் மாட்டினார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. ஆக, மெதுவாக ஓடுகிற நம் போன்றவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஆசிரியை கண்டுகொண்ட வழி எளியது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தார். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ இறங்கியது. அதை முழுக்க ஈடுகட்ட முயலாமல், தாகம் எடுத்தால் நாலு வாய். நீண்ட ஓட்டமென்றால் உப்புச்சர்க்கரைக் கரைசல் ஒரு சிறு புட்டியில் இடுப்பில் இருக்கும்.

நடப்பதில் அவருக்கு முதலில் கூச்சம் இருந்தது. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, புதியவர்களுக்கு ஓட்டமும் நடையும் மாறி மாறி வரும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர். களைத்த பிறகு நடப்பதல்ல அது. களைக்கும் முன்பே, தொடக்கத்திலிருந்தே கணக்கு வைத்து நடப்பது. ஆசிரியை நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து பார்த்தார். அவரை முந்திப் போனவர்களைக் கடைசி ஐந்து கிலோமீட்டரில் அவரே முந்தினார். அவர் நடக்கும்போது ஓரத்தில் நின்ற இளைஞர்கள், “அக்கா, நடக்காதீங்க, ஓடுங்க!” என்று கத்துவதுண்டு. உற்சாகம் ஊட்டுகிற ஆசைதான், ஆனால் அந்தக் குரலுக்குப் பணிந்து தாளம் தவறியவர்கள் நிறையப் பேர். “நல்லாப் போறீங்கக்கா” என்றால் போதும்.

பெண்களுக்கென்று சில கவலைகள் உண்டு, அவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. தொடக்க இடத்தில் கழிப்பறை வரிசை நீளும், எனவே முக்கால் மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். இருட்டில் தனியாகப் பயிற்சி செய்ய முடியாததால் தெருவில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, எதிர்வரும் வண்டிகள் கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கமாக ஓடினார். அக்குளிலும் உள்ளாடை உராயும் இடங்களிலும் வாஸ்லின் தடவாமல் கிளம்பக் கூடாது என்பதை ஒருநாள் குளிக்கும்போது எரிந்த எரிச்சலில் தெரிந்துகொண்டார். ஏற்பாட்டாளர்கள் தரும் புது டி-ஷர்ட்டை அன்றே போட்டுக்கொள்வதையும் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் பழகாத உடை, காலணி, உணவு எதுவும் பந்தய நாளில் வேண்டாம் என்பது அவர் கட்டாயமாகக் கடைப்பிடிக்கும் ஒரே விதி. காலை நாலு மணிக்கு இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கடலை மிட்டாய். எப்போதும் அதுதான்.

பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானுக்கு ஒருமுறை போனார். செம்மண் காட்டுப் பாதை. அங்கே பரிசு இல்லை, போட்டி இல்லை, ஓடும் மகிழ்ச்சிக்காக ஓடுவதே நோக்கம். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு 10 கிலோமீட்டர் ஓடினார். தன் இயல்பான வேகம் எது என்று அன்றுதான் உடம்புக்குத் தெரிந்தது என்கிறார். அவர் ஓடியவற்றில் மிகச் சிறந்த ஓட்டம் அதுதான் என்பேன், அதன் நேரம் அவருக்கே தெரியாது என்றாலும்.

பணம் கட்டியும் ஓடாமல் விட்ட பந்தயம் ஒன்றும் உண்டு. மூன்று நாள் முன்பு வைரஸ் காய்ச்சல். அப்படிப்பட்ட நேரத்தில் கடுமையாக ஓடினால் இதயத் தசையில் அழற்சி வர இடமுண்டு என்று மருத்துவர் தடுத்தார். உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், “டீச்சர், உங்க பிப்பை எனக்குக் கொடுங்க, வீணாப் போகுதே” என்று கேட்டார். கொடுக்கவில்லை. வழியில் அந்த ஆசிரியர் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழுவின் கையில் கிடைப்பது வேறொருவரின் பெயரும் ரத்த வகையும்தான்.

எண் அட்டையின் பின்பக்கத்தில் ரத்த வகை, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, வீட்டாரின் கைபேசி எண் ஆகியவற்றை எழுதக் கட்டங்கள் இருக்கும். பெரும்பாலான அட்டைகளில் அவை காலியாகவே கிடக்கின்றன. அடுத்த ஞாயிறு நீங்கள் ஓடப் போகிறீர்கள் என்றால், நான்கு ஊக்குகளையும் குத்துவதற்கு முன் அட்டையைத் திருப்பி, அழியாத மையில் அவற்றை நிரப்பிவிடுங்கள்.